ஆப்பிரிக்கர் என்பவர் யார்? பான்-ஆப்பிரிக்கவாதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பான்-ஆப்பிரிக்கவாதம் என்றால் என்ன?

ஆப்பிரிக்கக் கண்டத்தில் வாழ்பவர்களும், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினரும் ஒரே வரலாற்றால் பிணைக்கப்பட்டவர்கள். ஒருவரின் விடுதலை மற்றவரின் விடுதலையோடு சேர்ந்தது. எனவே அரசியலிலும் பொருளாதாரத்திலும் அவர்கள் சேர்ந்து நிற்க வேண்டும். இந்தச் சிந்தனைக்குத்தான் அந்தப் பெயர். இதற்கென்று ஒரு மூலநூலோ ஒரு கட்சியோ கிடையாது. கறுப்பின மக்களின் ஒற்றுமை என்று இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. கண்டத்தின் ஒற்றுமை என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி இன்றுவரை தீரவில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உறவு கொண்டாடுவது எளிது. அந்த உறவுக்காரருக்கு விசா, வேலை, குடியுரிமை கொடுக்கிறார்களா என்பதை வைத்துத்தான் இந்தச் சிந்தனையை எடைபோட வேண்டும். கீழேயுள்ள பதில்கள் அந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை.

இது ஆப்பிரிக்காவில் பிறந்ததா?

பெயரும் அமைப்பும் கண்டத்துக்கு வெளியேதான் பிறந்தன. சொந்த ஊர் பறிக்கப்பட்டவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஊரைச் சொல்ல வழியில்லை. அதனால் கண்டம் முழுவதையும் ஊராகச் சொன்னார்கள். 1804-இல் ஹைட்டியில் அடிமைகளாக இருந்தவர்களே பிரான்சைத் தோற்கடித்துத் தனிநாடு அமைத்ததும், 1896-இல் அட்வா போர்க்களத்தில் எத்தியோப்பியா இத்தாலியை முறியடித்ததும் இந்த எண்ணத்துக்கு உரம் போட்ட நிகழ்ச்சிகள். கரீபியத் தீவான செயின்ட் தாமஸில் பிறந்து லைபீரியாவில் குடியேறிய எட்வர்ட் வில்மட் பிளைடன், ஆப்பிரிக்கருக்கென்று தனித்த ஆளுமை உண்டு என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார்.

முதல் பான்-ஆப்பிரிக்க மாநாடு 1900 ஜூலை 23 முதல் 25 வரை லண்டனில் நடந்தது. கூட்டியவர் டிரினிடாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ். இருபதாம் நூற்றாண்டின் சிக்கல் நிறப்பிரிவினைச் சிக்கல்தான் என்று உலக நாடுகளுக்கு அறிவித்த வேண்டுகோளை கறுப்பின அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் அங்கேதான் வரைந்தார். அந்த மாநாட்டில் அன்னா ஜூலியா கூப்பர், அன்னா ஜோன்ஸ் என்ற இரண்டு பெண்கள் உரையாற்றினார்கள். வரலாற்றைச் சுருக்கிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களை விட்டுவிடுகிறார்கள்.

1945 மான்செஸ்டர் மாநாட்டை ஏன் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள்?

1919-இல் பாரிஸ், 1921-இல் லண்டன், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், 1923-இல் லண்டனும் லிஸ்பனும், 1927-இல் நியூயார்க் என டு பாய்ஸ் நடத்திய மாநாடுகள் படித்தவர்களின் கூட்டங்கள். காலனி ஆட்சியைச் சீர்திருத்துங்கள் என்றுதான் அவை கேட்டன. 1945 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழிற்சங்கத்தினரும் மாணவர்களும் வந்து அமர்ந்தார்கள், கோரிக்கையும் மாறியது: உடனடி விடுதலை. ஏற்பாட்டில் முன்னின்றவர்கள் டிரினிடாட்டின் ஜார்ஜ் பாட்மோரும் கோல்டுகோஸ்ட்டின் (இன்றைய கானா) குவாமே நுக்ரூமாவும். பின்னாளில் கென்யாவின் தலைவரான ஜோமோ கென்யாட்டாவும் வந்திருந்தார். தலைமைப் பொறுப்பு ஏற்றவர்களில், கீழே வரும் மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஏமி ஆஷ்வுட் கார்வியும் ஒருவர். கரீபியப் பெண்களின் கூலியையும் வேலை நிலைமையையும் பற்றி அந்த மாநாட்டில் பேசியவர் அவர். பன்னிரண்டே ஆண்டுகளில், 1957 மார்ச் 6 அன்று, கானா விடுதலை பெற்றது.

மார்கஸ் கார்வியின் கப்பல் நிறுவனம் ஏன் மூழ்கியது?

ஜமைக்காவில் பிறந்த கார்வி 1914-இல் தொடங்கிய கறுப்பின முன்னேற்றச் சங்கம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி அவருடைய சங்கத்தின் 1920 மாநாட்டில் ஏற்கப்பட்டது. 1919-இல் அவர் தொடங்கிய பிளாக் ஸ்டார் லைன் ஒரு பங்கை 5 டாலருக்கு விற்றது. சலவைத் தொழிலாளிகளும் சமையல்காரர்களும் அந்தப் பங்குகளை வாங்கினார்கள்.

தோல்விக்குக் காரணங்கள் தெளிவானவை. முதல் கப்பலான யார்மத் 1887-இல் கட்டப்பட்ட கிழட்டுக் கப்பல். அதற்கு 1,65,000 டாலர் கொடுத்தார்கள். அதன் மதிப்பு இந்தத் தொகையின் சிறு பகுதிதான். கப்பல் தொழில் தெரிந்த நிர்வாகிகள் போதவில்லை. பழுது பார்க்கும் செலவு சரக்குக் கூலியை விழுங்கியது. முதல் உலகப் போரின்போது உயர்ந்திருந்த கப்பல் விலைகளும் கட்டணங்களும் 1920-க்குப் பிறகு சரிந்தன. இதோடு அமெரிக்க உளவுத்துறை கார்வியின் நிறுவனத்துக்குள் ஆட்களை நுழைத்திருந்தது. 1922-இல் நிறுவனம் படுத்தது. அஞ்சல்வழி மோசடி வழக்கில் 1923-இல் கார்விக்கு ஐந்தாண்டுத் தண்டனை. வழக்கின் மையச் சான்றே ஒரு வெறும் உறை. உள்ளே என்ன இருந்தது என்பது நிறுவப்படவில்லை. 1927-இல் நாடு கடத்தப்பட்டார். 2025 ஜனவரியில், இறந்து 84 ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

கார்வியைப் புனிதராக்குவதையும் நாங்கள் ஏற்கவில்லை. 1922-இல் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவரை அவர் சந்தித்துப் பேசியது டு பாய்ஸ் உள்ளிட்ட பலரைக் கொதிக்கவைத்தது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கானா கொடியின் நடுவிலிருக்கும் கறுப்பு நட்சத்திரம் அவருடைய கப்பல் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. பங்குப் பணத்தை இழந்தவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அது.

நெக்ரிட்யூட் என்பதும் இதுவும் ஒன்றா?

உறவுள்ளவை, ஒன்றல்ல. 1930-களில் பாரிஸில் படித்த மார்ட்டினிக்கின் எய்மே செசேர், செனகலின் செங்கோர், பிரெஞ்சு கயானாவின் தமாஸ் ஆகியோர் வளர்த்த, கறுப்பின அடையாளத்தைக் கொண்டாடிய இலக்கிய இயக்கம் அது. மார்ட்டினிக்கிலிருந்து வந்த நார்டால் சகோதரிகள் தம் வீட்டில் நடத்திய சந்திப்புகள் அதற்குக் களம் அமைத்தன. 1966-இல் செங்கோர் செனகல் தலைநகர் டாக்காரில் உலகக் கறுப்பினக் கலைவிழாவை நடத்தினார். மூன்றே ஆண்டில், 1969-இல், அல்ஜியர்ஸ் விழாவில் இந்தக் கருத்து கடுமையாகத் தாக்கப்பட்டது: தோலின் நிறத்தைக் கொண்டாடுவது போதாது, போராட்டத்தைப் பேசுங்கள் என்றார்கள். அரபுமொழி பேசும் அல்ஜீரியா ஆப்பிரிக்கா இல்லையா என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

ஆப்பிரிக்க நாடுகள் 1963-இல் ஏன் ஒரே நாடாக இணையவில்லை?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. தலைவர்களின் பதவி ஆசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை நிறுவனம் உருவானது. கானாவின் தலைவர் நுக்ரூமா கேட்டது பொது நாணயம், பொது வெளியுறவுக் கொள்கை, கூட்டு ராணுவத் தலைமை கொண்ட ஒன்றிய அரசு. அதில் அவர் உறுதியாகவும் இருந்தார்: ஆப்பிரிக்க ஒற்றுமைக்காக நாட்டின் இறையாண்மையை விட்டுக்கொடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு கானாவின் 1960 அரசியல் சாசனத்தில் இருந்தது. தங்கனிகாவின் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) தலைவர் ஜூலியஸ் நைரேரே வட்டாரம் வட்டாரமாக, படிப்படியாகப் போகலாம் என்றார். அவரும் வெறும் வாய்ப்பேச்சாளர் அல்ல. கென்யா, உகாண்டாவோடு கூட்டாட்சி அமையுமானால் தன் நாட்டின் விடுதலையையே தள்ளிவைக்கத் தயார் என்று 1960-இல் அறிவித்தவர்.

தடையாக நின்றவை மூன்று. முதலாவது பொருளாதாரம்: சாலைகளும் ரயில்பாதைகளும் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்துக்குப் போயின, அண்டை நாட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் ஐரோப்பாவுக்கே விற்றார்கள், ஐரோப்பாவிடமே வாங்கினார்கள். இரண்டாவது, முந்தைய முயற்சிகளின் கசப்பு: செனகலும் இன்றைய மாலியும் சேர்ந்த மாலி கூட்டாட்சி 1960 ஆகஸ்டில், விடுதலை பெற்ற இரண்டே மாதங்களில் உடைந்தது. மூன்றாவது அச்சம்: 1963 ஜனவரியில் டோகோவின் தலைவர் ஒலிம்பியோ சுட்டுக் கொல்லப்பட்டார், அண்டை நாடான கானாவின் மேல் பலர் சந்தேகப்பட்டார்கள். அந்த ஆண்டின் சாசனத்தில் அரசியல் கொலைக்கும் அண்டை நாட்டில் செய்யும் சதிவேலைக்கும் எதிரான விதி சேர்ந்ததற்கு இதுவே பின்னணி.

விளைவு, ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடாத நிறுவனம். தார் எஸ் சலாமில் இருந்த அதன் விடுதலைக் குழு தெற்கு ஆப்பிரிக்கப் போராட்டங்களுக்குப் பணமும் பயிற்சியும் கிடைக்க வழிசெய்தது. அது உண்மையான சாதனை. ஆனால் உகாண்டாவில் இடி அமீன் தன் மக்களையே கொன்றபோது அதே தலையிடா விதி வாயை அடைத்தது. 1975-இல் நிறுவனத்தின் தலைமையே சுழற்சி முறையில் அவரிடம் போனது.

காலனிக்காரன் போட்ட எல்லைகளை ஏன் அழிக்கவில்லை?

1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஒற்றுமை நிறுவனத்தின் தலைவர்கள், விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானித்தார்கள். சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை. ஓர் எல்லையைத் திறந்தால் எல்லாமே திறக்கும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. ஏறக்குறைய எல்லா நாட்டிலும் எல்லைக்கு இருபுறமும் ஒரே இனக்குழு வாழ்கிறது. எரித்திரியா (1993), தெற்கு சூடான் (2011) இரண்டும் மட்டுமே பரவலான ஏற்போடு பிரிந்த நாடுகள்.

வட ஆப்பிரிக்கர், வெள்ளையர், இந்திய வம்சாவளியினர் இவர்களெல்லாம் ஆப்பிரிக்கர்களா?

கண்டத்தை அளவுகோலாக வைத்தால் ஆம். நிறத்தை வைத்தால் சிக்கல். இந்த விவாதம் மிகக் கூர்மையாக நடந்த இடம் தென்னாப்பிரிக்கா. அதில் தமிழர்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற சுமார் 1,52,000 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களின் 1955 விடுதலைச் சாசனம், தென்னாப்பிரிக்கா அங்கே வாழும் எல்லோருக்கும் சொந்தம் என்றது. இதை ஏற்காமல் 1959-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசிலிருந்து பிரிந்து பான்-ஆப்பிரிக்க காங்கிரசைத் தொடங்கிய ராபர்ட் சொபுக்வே, ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே விசுவாசமாக இருந்து, பெரும்பான்மை ஆப்பிரிக்கரின் ஜனநாயக ஆட்சியை ஏற்கும் எவரும் ஆப்பிரிக்கரே என்று வரையறுத்தார். பிறப்பைக் கேட்காத வரையறை என்பதால் எங்களுக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் விசுவாசத்தை அளப்பவர் யார் என்ற கேள்வியை அது திறந்தே விடுகிறது.

பத்தாண்டு கழித்து ஸ்டீவ் பிக்கோவின் கறுப்புணர்வு இயக்கம் வேறு வழியில் போனது. ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் அனைவரும் கறுப்பர் என்றது. 1974 செப்டம்பரில் மொசாம்பிக் விடுதலை இயக்கத்தின் வெற்றியைக் கொண்டாட டர்பனில் கூட்டிய பேரணிக்குத் தடை விதித்த அரசு, அதன் தொடர்ச்சியாகக் கறுப்புணர்வு இயக்கத்தினர் ஒன்பது பேர்மேல் வழக்குத் தொடுத்தது. சிறை சென்றவர்களில் ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் இந்திய வம்சாவளியினர். ரோபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

சகோதரர் என்று சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் ஏன் விரட்டினார்கள்?

மறைக்காமல் பேச வேண்டிய விஷயம். 1969 நவம்பரில் கானா, உரிமம் இல்லாத அயலாருக்கு இரண்டு வாரக் கெடு விதித்தது. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் நைஜீரியர். 1983 ஜனவரியில் நைஜீரியா அதே வேலையைச் செய்தது. சுமார் இருபது லட்சம் பேர் வெளியேற்றப்பட்டதாக மதிப்பீடு, அதில் பாதியளவு கானா நாட்டவர். அவர்கள் மூட்டை கட்டிய கட்டம் போட்ட பிளாஸ்டிக் பைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் 'கானா மஸ்ட் கோ' (கானாக்காரர் போயாக வேண்டும்) என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் அயலார்மேல் நடந்த தாக்குதல்களில் 62 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் அடித்தளம் ஒன்றுதான். முதலில் வருமானம் சரியும். நைஜீரியாவில் எண்ணெய் விலை விழுந்தது. சில சமயம் தேர்தலும் நெருங்கும். ஆளும் தரப்புக்குப் பழிபோட ஆள் தேவைப்படும். சட்டத்திலும் ஓட்டை உண்டு: மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் 1979 ஒப்பந்தம் விசா இல்லாமல் 90 நாள் தங்க அனுமதித்தது, தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பிற்காலத்துக்குத் தள்ளியது. 91-ஆம் நாள் முதல் அந்தத் தொழிலாளி சட்டவிரோதி. நைஜீரியா அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தியது.

அடிமைகளின் சந்ததியினர் இன்று ஆப்பிரிக்கக் குடியுரிமை பெற முடியுமா?

சில நாடுகளில் முடியும். ஆப்பிரிக்க ஒற்றுமை நிறுவனத்தின் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியம் 2003-இல் வெளிநாடுவாழ் ஆப்பிரிக்க வம்சாவளியினரைத் தன் பணிகளில் பங்கேற்க அழைத்தது. அவர்களைக் கண்டத்தின் ஆறாவது மண்டலம் என்பார்கள். அதனால் யாருக்கும் கடவுச்சீட்டு கிடைக்காது. குடியுரிமை தருவது தனித்தனி நாடுகளே. கானாவின் 2000-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு இடம் தருகிறது. 2019-இல் 126 பேருக்கும் 2024 நவம்பரில் 524 பேருக்கும் அந்நாடு குடியுரிமையே வழங்கியது. பெனின் 2024 செப்டம்பரில் தனிச் சட்டம் இயற்றியது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், வேறு ஆப்பிரிக்க நாட்டின் குடியுரிமை இருக்கக்கூடாது, அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட மூதாதைக்கு ஆவணமோ சாட்சியமோ மரபணுச் சான்றோ காட்ட வேண்டும். முதலில் மூன்றாண்டுத் தற்காலிகச் சான்றிதழ். அதற்குள் ஒருமுறையாவது பெனினுக்கு வந்து தங்க வேண்டும்.

ஆவணம் தேடும் அமெரிக்கர்கள் வழக்கமாக 1870-இல் முட்டிக்கொள்வார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் மக்கள்தொகைக் கணக்கு அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைக்கு வயதும் பாலும் நிறமும் மட்டும். எனவே தேடல் இப்படிப் போக வேண்டும்: 1870 கணக்கில் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது, அதே ஊரில் அதே குடும்பப் பெயருள்ள நில உடைமையாளரைப் பார்ப்பது, அவருடைய உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரங்களைத் தேடுவது. 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுவிக்கப்பட்டோர் வங்கியின் பதிவேடுகளில் பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் கிடைக்க வாய்ப்புண்டு. முன்னாள் உரிமையாளரின் பெயரை எல்லோரும் சூட்டிக்கொள்ளவில்லை என்பதால் குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் வழி தவறும்.

மரபணுச் சோதனையில் தவறு நேரும் இடம் வேறு. தாய்வழிச் சோதனை தாயின் தாயின் தாய் என்று ஒரே கோட்டில் போகும். ஏழு தலைமுறை பின்னால் ஒருவருக்கு 128 மூதாதையர் இடங்கள். அந்தச் சோதனை காட்டுவது அதில் ஒரே ஒருவரை. "உங்கள் பூர்வீகம் இன்ன நாடு" என்று வரும் முடிவு, இன்று அங்கே வாழ்பவர்களின் மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்வது. கப்பல் ஏறிய துறைமுகமும் பிறந்த ஊராகாது. உள்நாட்டிலிருந்து பல வாரம் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏராளம். அட்லாண்டிக்கில் கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடி பேரில் கரை சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1.07 கோடி. அதில் இன்றைய அமெரிக்க நிலப்பரப்புக்கு நேரடியாக வந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் குறைவு. மிகப் பெரிய பங்கு பிரேசிலுக்குப் போனது. ஆங்கிலத்தில் மட்டும் பேசும் பான்-ஆப்பிரிக்கவாதம் தன் மக்களில் பெரும்பாலோரைப் பார்க்காமலே போகிறது என்பது இதிலிருந்து தெரியும்.

கண்டத் தடையற்ற வணிகப் பகுதி உண்மையில் வேலை செய்கிறதா?

மெதுவாகச் செய்கிறது. 2018 மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தாகி, 2019 மே 30-இல் நடைமுறைக்கு வந்து, 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கியது. தலைமையகம் கானாவின் அக்ரா. எரித்திரியா தவிர 54 நாடுகள் கையெழுத்திட்டுள்ளன. பொருள் வகைகளில் 90 விழுக்காட்டுக்குச் சுங்கத்தீர்வையை ஐந்தாண்டுகளில் நீக்க வேண்டும். வளர்ச்சி மிகக் குறைந்த நாடுகளுக்குப் பத்தாண்டு. 7 விழுக்காட்டுக்குக் கூடுதல் காலம், 3 விழுக்காட்டுக்கு முழு விலக்கு.

ஏற்றுமதியாளர் செய்ய வேண்டியது: தன் பொருளின் ஆறிலக்கச் சுங்கக் குறியீட்டைக் கண்டறிவது, வாங்கும் நாடு அந்தக் குறியீட்டுக்கான தீர்வைக் குறைப்பை அரசிதழில் வெளியிட்டுவிட்டதா என்று பார்ப்பது, பூர்வீக விதியை (எந்த அளவு உள்ளேயே உருவானால் அது ஆப்பிரிக்கப் பொருள் என்ற விதி) பொருள் நிறைவு செய்கிறதா என்று சரிபார்ப்பது, பிறகு தன் நாட்டின் நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் பூர்வீகச் சான்றிதழ் வாங்குவது. 5,000 டாலருக்கு மேற்படாத சரக்குக்கு ஏற்றுமதியாளரின் உறுதிமொழியே போதும்.

இரண்டாம் படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாடு ஒப்பந்தத்தை ஏற்றுவிட்டது என்பதை நம்பிச் சரக்கை அனுப்பிவிடுவார்கள். அரசிதழ் அறிவிப்பு வராததால் சுங்கச்சாவடியில் முழுத் தீர்வை விழும். மூன்றாம் படியில் துணிக்கும் வாகனத்துக்கும் விதி முடிவாகவே ஆண்டுகள் பிடித்தன. இறக்குமதி செய்த துணியைத் தைத்தால் அது ஆப்பிரிக்கச் சட்டையா என்பது சாதாரணத் தகராறு அல்ல. பல தொழிற்சாலைகளின் வாழ்வு அதில் இருக்கிறது. அதோடு, அண்டை நாடுகளுக்கிடையே பணம் அனுப்பக்கூட டாலராக மாற்றி வெளிநாட்டு வங்கி வழியே போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் தொடங்கிய கண்டப் பணப்பரிமாற்ற முறையில் வாங்குபவர் தன் நாணயத்தில் கட்டலாம், விற்பவர் தன் நாணயத்தில் பெறலாம். சேர்ந்துள்ள நாடுகளும் வங்கிகளும் இன்னும் போதாது.

சரக்கு போகட்டும், மனிதர்கள் போகலாமா?

இங்கேதான் ஏமாற்றம் அதிகம். 2016-இல் ஆப்பிரிக்கக் கடவுச்சீட்டு கோலாகலமாக வெளியிடப்பட்டது. முதல் இரண்டு பிரதிகள் ருவாண்டா, சாட் தலைவர்களுக்கு. சாதாரண மனிதரின் கைக்கு அது வந்து சேரவில்லை. 2018-இன் தடையற்ற நடமாட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 15 நாடுகளின் ஏற்பு தேவை; ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ தோமே ஆகிய நான்கே ஏற்றன. வணிக ஒப்பந்தத்துக்குத் தேவைப்பட்ட 22 ஏற்புகள் சுமார் ஓராண்டில் கிடைத்ததை இதோடு ஒப்பிட்டால் அரசுகளின் மனம் புரியும். தனித்தனியாகச் சில நாடுகள் முன்னே போய்விட்டன: ருவாண்டா, பெனின், காம்பியா, சீஷெல்ஸ் ஆகியவை ஆப்பிரிக்கர் எவரிடமும் விசா கேட்பதில்லை, கானா 2025 தொடக்கத்தில் சேர்ந்துகொண்டது. பயணம் செய்பவர்கள் விசா விலக்கை மட்டும் பார்த்துக் கிளம்பக்கூடாது; மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் பல விமான நிலையங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

சி.எஃப்.ஏ. ஃபிராங்க்கை எதிர்ப்பது ஏன் பான்-ஆப்பிரிக்கப் பிரச்சினை?

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பதினான்கு நாடுகள் புழங்கும் அந்த நாணயம் 1945-இல் பிரான்ஸ் உருவாக்கியது. ஒரு யூரோவுக்கு 655.957 என்று மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. விலைவாசி கட்டுக்குள் நிற்பது அதன் நன்மை. தன் ஏற்றுமதி விலைக்கேற்ப நாணயத்தைச் சரிசெய்ய முடியாதது அதன் விலை. 1994 ஜனவரியில் அதன் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2023 செப்டம்பரில் தனிக் கூட்டணி அமைத்து, 2025 ஜனவரி 29-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து (எக்கோவாஸ்) விலகின. பான்-ஆப்பிரிக்க முழக்கம் அங்கே உரத்துக் கேட்கிறது. ஆட்சியில் இருப்பவர்கள் துப்பாக்கியோடு வந்தவர்கள் என்பதையும், அந்நாணயத்தையே அவை இன்னும் புழங்குகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

ஆப்பிரிக்க ஒன்றியம் 2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி20 உறுப்பினரானது. 2025-ஆம் ஆண்டுக்கான கருப்பொருளாக அடிமை வணிகத்துக்கும் காலனியத்துக்குமான இழப்பீட்டை எடுத்துக்கொண்டது. இரண்டும் முக்கியம். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கவனிக்கச் சொல்வோம். தகுதியுள்ள இறக்குமதிகள்மேல் 0.2 விழுக்காடு வரி விதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது என்று ஒன்றியம் 2016-இல் கிகாலியில் முடிவெடுத்தது. பல நாடுகள் இன்னும் அதைச் செயல்படுத்தவில்லை. அடிஸ் அபாபாவில் அதன் தலைமையகக் கட்டடம் 2012-இல் சீனா கட்டிக் கொடுத்தது. அடுத்ததாக, தடையற்ற நடமாட்ட ஒப்பந்தத்துக்குக் கிடைத்த அந்த நான்கு ஏற்புகள் பதினைந்தாகின்றனவா என்று பாருங்கள். மக்கள்தொகையில் பெரிய நாடுகளான நைஜீரியாவும் எத்தியோப்பியாவும் எகிப்தும் அந்தப் பட்டியலில் இல்லை; அவற்றில் ஒன்று நாடாளுமன்றத்தின் ஏற்பைப் பெற்றால், மற்றவர்கள் தள்ளிப்போடுவது கடினமாகும்.